0.4999-இன் நாகரிகம்

பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப் என்றதும் எல்லோரும் அதன் விரிடிஸ் வண்ணவரிசையைத்தான் புகழ்கிறார்கள். புகழட்டும். பழைய வண்ணவரிசையான ஜெட் ஆடிய வானவில் கூத்தை 2017-இல் வந்த 2.0 பதிப்பு முடித்துவைத்தது புண்ணியமான காரியம்தான். நதானியேல் ஸ்மித், ஸ்டெஃபான் வான் டெர் வால்ட், எரிக் ஃபயரிங் மூவருக்கும் அந்தப் பெருமை சேரவேண்டியதுதான். ஆனால் விரிடிஸ் பார்க்கப்படுவதற்கென்றே செய்த அழகு. அதே நூலகத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத அழகு ஒன்று உண்டு. என் ஓட்டு அதற்குத்தான். அச்சில் டிக் குறிகள் எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்யும் டிக்கர் கோப்பைச் சொல்கிறேன்.

அதிலும் மேக்ஸ்-என்-லொக்கேட்டர். அதிலும், அதற்குப் பக்கத்தில் ஒண்டுக்குடித்தனம் இருக்கும் எட்ஜ்-இன்டீஜர் என்கிற சின்னஞ்சிறு கிளாஸ். ஆரம்பச் சடங்கைத் தள்ளிவிட்டால் மூன்றே மெத்தட்: எல்-ஈ, ஜி-ஈ, க்ளோஸ்-டூ. முதல் இரண்டும் கேட்பது பள்ளிக்கூடக் கேள்வி. இந்த எண்ணுக்குள் இந்தப் படி எத்தனை முறை அடங்கும்? இந்த எண்ணை எட்டிப்பிடிக்க எத்தனை படி வேண்டும்? இதற்கு எதற்கு ஒரு கிளாஸ் என்று கேட்பவர்கள் பைத்தானைத் திறந்து டிவ்மாட்டுக்கு 0.3-ஐயும் 0.1-ஐயும் கொடுத்துப் பாருங்கள். மூன்று என்று சொல்லாது. ஈவு 2, மீதி 0.09999999999999998 என்று சொல்லும். அச்சின் கீழ் எல்லை 0.3 என்று வைத்துக்கொண்டால், அதை நம்பிய கணக்கு 0.2-இல் போய் நின்றுகொண்டிருக்கும்.

எல்-ஈ அந்த மீதியைத் தூக்கி எறிவதில்லை. அதைப் படியால் வகுத்து, இது ஒன்றுக்கு மிக அருகில் இருக்கிறதே என்று க்ளோஸ்-டூவிடம் ஒரு வார்த்தை கேட்கிறது. ஆம் என்று பதில் வந்தால் ஈவில் ஒன்றைக் கூட்டிக் கொடுக்கிறது. அவ்வளவுதான். மிதவை எண்ணோடு சண்டைக்கும் போகவில்லை, எல்லாவற்றையும் டெசிமலுக்கு மாற்றுகிறேன் என்று ஆர்ப்பாட்டமும் செய்யவில்லை. பிசகு இவ்வளவுதான் இருக்க முடியும் என்று தெரிந்துகொண்டு, அந்த அளவுக்கு மட்டும் இடம் கொடுக்கிறது.

எவ்வளவு இடம் என்பதில்தான் என் மனம் லயித்துக் கிடக்கிறது. சாதாரண நாளில் பத்தின் மைனஸ் பத்தாம் அடுக்கு. ஆனால் நூறு கோடிக்கும் நூறு கோடியே ஒன்றுக்கும் நடுவில் ஜூம் செய்து உட்கார்ந்திருக்கிறோம் என்றால்? அப்போது லொக்கேட்டர் முதலில் நூறு கோடியை ஆஃப்செட் என்று தனியே கழித்து வைத்துவிடும். சராசரி, வீச்சைப் போல நூறு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால்தான் இந்தக் கழித்தல். கழித்ததில் தசம இலக்கங்கள் சில நம்பகம் இழந்திருக்கும் என்பதும் அதற்குத் தெரியும். அதனால் ஆஃப்செட்டுக்கும் படிக்கும் உள்ள விகிதத்தின் லாகரிதத்தை எடுத்து, அதில் பன்னிரண்டைக் கழித்து, வந்ததைப் பத்தின் அடுக்காக வைத்துக்கொள்கிறது. ஆஃப்செட் பெருகப் பெருக இடமும் பெருகும். நூறு கோடி ஆஃப்செட், 0.1 படி என்றால் படியில் நூற்றில் ஒரு பங்கு.

பெருகிக்கொண்டே போகலாமா? கூடாது. அங்கேதான் 0.4999 வந்து குறுக்கே நிற்கிறது. சலுகை அரைப் படியைத் தாண்டிவிட்டால், நடுவில் இருக்கும் ஒரு புள்ளியை இடப்பக்க டிக்கும் வலப்பக்க டிக்கும் தங்களுடையது என்று உரிமை கொண்டாடும். ஆகவே அரைக்கு ஒரு மயிரிழை முன்னால் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். 0.5 என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். 0.49 என்று தோராயமாகவும் எழுதியிருக்கலாம். 0.4999 என்று எழுதிய கைக்கு, எல்லை எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கிறது, எல்லையில் நிற்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்கிறது.

டிக்குகளை உண்டாக்கும் விதமும் அப்படியே. முதல் டிக்கில் தொடங்கிப் படியைக் கூட்டிக்கொண்டே போனால் பிசகும் கூடவே வளரும். இவர்கள் முதலில் முழு எண்களாக வரிசை போட்டுவிட்டு, அதற்குப் பிறகு படியால் பெருக்குகிறார்கள். ஒவ்வொரு டிக்குக்கும் அதனதன் பிசகு மட்டும். அடுத்த வீட்டுக் கடனை யாரும் சுமப்பதில்லை.

ஆர் மொழிக்காரர்கள் இந்த இடத்தில் புன்னகை செய்வார்கள். எங்களிடம் ப்ரெட்டி எப்போதிருந்தோ இருக்கிறதே என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் டால்பாட், லின், ஹன்ரஹான் மூவரும் 2010-இல் எழுதிய கட்டுரையை எடுத்துப் போடுவார்கள். லீலண்ட் வில்கின்சனின் வழியை விரித்து, எளிமை, பரப்பு, அடர்த்தி, வாசிக்கத் தக்க தன்மை நான்குக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை அதிகம் வருகிற வரிசையைத் தேடும் முறை அது. நல்ல கட்டுரை. அதில் குறை காண எனக்குத் தகுதியும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் அந்த முறை சில நேரம் டிக்கைத் தரவுக்கு வெளியேயும் கொண்டுபோய் வைக்கும், நான்கையும் மூன்றையும்கூடப் படியாக ஏற்கும். மதிப்பெண் கணக்கில் அது சரி. ஆனால் ஜூம் செய்துகொண்டே போகிறவனுக்கு 0, 3, 6, 9 என்று ஓர் அச்சு திடீரென்று முளைத்தால் கண் ஒரு கணம் தடுமாறும். மேட்பிளாட்லிப்பின் ஆட்டோ-லொக்கேட்டர் 1, 2, 2.5, 5, 10 தாண்டிப் போகாது. குறைந்த ஸ்வரங்களுக்குள் பாடுகிற கட்டுப்பாடு அது, எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த 2.5 விஷயத்தில் மட்டும் எனக்கு உள்ளுக்குள் ஒரு முணுமுணுப்பு உண்டு. 2.0-க்கு முந்தைய கிளாசிக் காலத்தில் 1, 2, 5, 10 மட்டும்தான். இடைவெளி அதிகபட்சம் ஒன்பது. 2.0-இல் 2.5-ஐச் சேர்த்தார்கள். 0.0, 2.5, 5.0, 7.5 என்று எழுதும்போது, டிக்குகளுக்கு எண் எழுதும் ஃபார்மேட்டர் எல்லா டிக்குக்கும் ஒரே தசம அளவு கொடுத்தாக வேண்டும், ஆகவே பூஜ்யமும் ஐந்தும் வேண்டாத வாலோடு நிற்கின்றன. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2-க்கும் 5-க்கும் நடுவில் ஒரு படி இல்லாததால் கிளாசிக் அச்சுகள் சில நேரம் நெரிசலாகவும் சில நேரம் பாலைவனமாகவும் இருந்தன. நெரிசலைப் போக்க 2.0 செய்த இன்னொரு ஏற்பாடு எனக்கு மனப்பூர்வமாகப் பிடிக்கும். எத்தனை டிக் வேண்டும் என்பதை அச்சின் நீளத்தையும் எழுத்தின் அளவையும் பார்த்து முடிவு செய்கிறது. கிடை அச்சில் எழுத்தளவைப் போல மூன்று மடங்குக்கு ஒன்று. எழுத்தின் அகலம் உயரத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டாது என்பது கணிப்பு. நெடு அச்சில் இரண்டு மடங்கு. ஏன் இரண்டு என்று மூல நிரலில் தேடினால், பார்க்க நன்றாக இருக்கிறது என்ற பொருளில் ஒரு குறிப்பு மட்டும் கிடைக்கும். நிரூபணம் இல்லை, ஆய்வு இல்லை. கண் சொன்னதைக் கை எழுதிவிட்டது. அறிவியல் உலகம் முழுக்க அந்த இரண்டை நம்பிக் கட்டுரை அச்சிடுகிறது.

கண் சொன்னதை எழுதும் வழக்கம் ஜான் ஹன்டரிடமிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவைப் பார்க்க ஒரு கருவி வேண்டியிருந்தது அவருக்கு. ஆய்வுக் குழுவிடம் இருந்த விலை மென்பொருளுக்கு ஒரே உரிமம், ஒரே டாங்கிள். அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பயன்படுத்திய அலுப்பில் பிறந்ததுதான் 2003-இல் வெளிவந்த மேட்பிளாட்லிப். அலைகளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய மனிதர் எழுதிய நூலகம் என்பது அதன் எலும்பில் இருக்கிறது. 2012 ஆகஸ்டில், நாற்பத்து நான்கு வயதில் அவர் போய்விட்டார். எரிக் ஃபயரிங்கும் அந்த ஜாதிதான். ஹவாயில் கடலியல் ஆய்வாளர். தன் தரவைத் தானே பார்த்தாக வேண்டிய ஆள். வரைபட நூலகத்தை வரைபடம் தேவைப்படுகிறவர்கள் எழுதிய காலம் அது.

டீபக் செய்வதிலும் அந்தக் கண்தான் நீதிபதி. மற்ற நூலகங்களில் சோதனை என்றால் விடை ஏழா எட்டா என்று பார்ப்பது. இங்கே பல சோதனைகளுக்கு ஒரு மூலப் படம் சேமித்து வைத்திருக்கிறார்கள். புதிதாக வரைந்ததை அதன்மேல் வைத்து ஒவ்வொரு பிக்சலாக ஒப்பிடுகிறார்கள். தோற்றால் வித்தியாசத்தை மட்டும் பத்து மடங்கு பெருக்கி மூன்றாவதாக ஒரு படம் கிடைக்கும். கன்னங்கரிய பின்னணியில், நகர்ந்த கோடு மட்டும் மின்னும். எந்த வரி பிழை என்று தெரியாமல் தவிக்கும்போது, அந்தப் படத்தில் மின்னுவது கோடுகளா எழுத்துகளா என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். எழுத்துகள் மட்டும் மின்னினால் பெரும்பாலும் எழுத்துகளை வரையும் ஃப்ரீடைப் நூலகம் வேறு பதிப்பு. அந்த வம்பு வேண்டாம் என்றுதான் சோதனைக்கென்று ஃப்ரீடைப் 2.6.1-ஐப் பல ஆண்டுகள் பூட்டி வைத்திருந்தார்கள். பழைய சோதனைகள் பல இன்னும் கிளாசிக் உடையிலேயே ஓடுகின்றன. அவற்றைத் திறந்து பார்ப்பது பழைய மேட்பிளாட்லிப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது.

பிழை எப்போதும் படத்தில் தெரிகிற இடத்தில் இருக்காது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அதிர்வுக் கருவியின் தரவு மைக்ரோசெகண்ட் இடைவெளியில் வரும். நேர அச்சில் வரைந்தால் வழவழப்பான அலை படிக்கட்டாக நிற்கும். கருவியைக் குறை சொன்னார்கள், கேபிளைக் குறை சொன்னார்கள். கருவி சரியாகத்தான் இருந்தது. தேதிகளை கி.பி. முதலாம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நாள்கணக்காக எண்ணிக்கொண்டிருந்தது மேட்பிளாட்லிப். ஏழு லட்சத்துச் சொச்சம் நாளைச் சுமந்த மிதவை எண்ணுக்குள் பத்து இருபது மைக்ரோசெகண்டுக்குக் கீழே எதையும் பிரித்துக் காட்ட இடமில்லை. 2020-இல் வந்த 3.3 பதிப்பில் தொடக்கப் புள்ளியை 1970-க்கு மாற்றினார்கள். ஒரு மைக்ரோசெகண்டுக்கும் கீழே துல்லியம் கிடைத்தது. டிக் சரியான இடத்தில் விழ, இரண்டாயிரம் ஆண்டைக் கழித்தாக வேண்டியிருந்தது.

நம் ஊர்க்காரர்களின் மனக்குறை எழுத்தில்தான். அச்சுக்குத் தமிழில் பெயர் வைத்தால் முதலில் கட்டம் கட்டமாக வரும். இயல்பு எழுத்துருவான தேஜாவூ சான்ஸில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும் பல காலம் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, ‘கு’ சேராமல் பிரிந்து கிடந்தது. எழுத்துகளை வந்த வரிசையிலேயே வைக்கிற ஏற்பாட்டுக்கு நம் கொம்பின் சங்கதி எப்படித் தெரியும்? எழுத்துகளைச் சேர்த்து அடுக்கும் ரக்ம் நூலகத்தைத் துணைக்கு அழைக்கும் எம்பிஎல்-கெய்ரோவுக்கோ, ஜீலேடெக் வழியாகப் போகும் பிஜிஎஃப்புக்கோ ஓட வேண்டியிருந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஃபார்மேட்டர் எதிர்மறை எண்ணுக்கு ஹைஃபன் போடாது. ஒழுங்கான கழித்தல் குறியைத்தான் போடும். அந்தக் குறி எழுத்துருவில் இல்லையென்றால் மைனஸ் இருக்கவேண்டிய இடத்தில் கட்டம் வந்து உட்காரும். எழுத்துரு ஒன்றில் இல்லாததை இன்னொன்றில் தேடும் வசதி 2022-இல் 3.6 பதிப்பில் வந்தபின் அந்தத் தொல்லை குறைந்தது. ஹைஃபனுக்கும் மைனஸுக்கும் வேறுபாடு பார்க்கிற நூலகம் கொம்பை இத்தனை காலம் விட்டுவைத்ததே என்று எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் ஹைஃபனையே போட்டுத் தொலைக்கலாம் என்று சொல்ல மட்டும் மனம் வராது.

இப்போது வருகிற புல் ரிக்வெஸ்டுகளைப் பார்க்கும்போதுதான் ஆயாசமாக இருக்கிறது. எந்த நூலகம் என்றாலும் ஒரே கதை. படம் வரைந்து பார்த்த தடயமே இல்லாமல் இயந்திரம் எழுதிக் கொடுத்த நிரல் வருகிறது. நெரிசலான அச்சு என்றால் எழுத்தை 45 பாகை சாய்த்துவிடுவது, இல்லையென்றால் டிக்குகளைக் கையால் அடுக்கி லொக்கேட்டருக்கு ஓய்வு கொடுத்துவிடுவது. அப்புறம் ஜூம் செய்தால் அச்சு மொட்டையாக நிற்கிறது என்று இஷ்யூ. என்னை உண்மையில் கோபப்படுத்துவது இன்னொன்று. மூலப் படத்தோடு ஒப்பிடும்போது அனுமதிக்கும் பிசகு, யாரும் எதுவும் சொல்லாதவரை பூஜ்யம்தான். சோதனை சிவப்பாக நின்றால், ஏன் என்று பார்க்காமல் அந்தப் பூஜ்யத்தை 0.5 ஆக்கு, 2 ஆக்கு, பச்சை வரும்வரை ஏற்று என்று ஒரு பழக்கம் வந்திருக்கிறது. வேறு கணினிகளில் மிதவைக் கணக்கு கொஞ்சம் விலகும் என்பதற்காக, காரணத்தை எழுதிவைத்துவிட்டுக் கொஞ்சம் இடம் கொடுப்பது வேறு. அதை நான் எதிர்க்கவில்லை. காரணம் தெரியாமல் கூட்டுகிற ஒவ்வொரு தசமமும் நாளைக்கு வரப்போகும் ஒரு பிழைக்கு இன்றே கொடுத்துவைக்கிற அனுமதி.

சலுகை கொடுப்பது தவறு என்றால் டிக்கர் கோப்பே தவறு. அங்கேயும் சலுகைதான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, எதுவரை என்று கோடு கிழித்து, அந்தக் கோட்டுக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கமே நின்றுகொண்டார்கள். சோதனையில் பிசகின் அளவை ஏற்றக் கை வைக்கிறவர்கள், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுத முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். எழுத முடியாவிட்டால் வித்தியாசப் படத்தைத் திறந்து பார்ப்பதுதான் மரியாதை.