எஸ்.ஏ.பி.: விரிவு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

எஸ்.ஏ.பி. வேலைக்கான நேர்முகத் தேர்வில் சம்பிரதாயமாக ஒரு கேள்வி வரும்: "எஸ்.ஏ.பி.யின் விரிவு என்ன?" பயிற்சி நிலையத்தில் மனப்பாடம் செய்த பதிலைப் பையன்கள் ஒப்பிப்பார்கள்: சிஸ்டம்ஸ், அப்ளிகேஷன்ஸ் அண்ட் ப்ராடக்ட்ஸ் இன் டேட்டா ப்ராசஸிங். சரியான பதில்தான். ஆனால் அது அந்தப் பெயருக்கு வைத்த இரண்டாவது விரிவு.

1972 ஏப்ரல் 1 அன்று, ஐ.பி.எம்.மை விட்டு வெளியே வந்த ஐந்து பேர் ஜெர்மனியில் இந்த வணிக மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஹாஸோ பிளாட்னரும் டீட்மர் ஹோப்பும் அவர்களில் நாம் அதிகம் கேள்விப்பட்டவர்கள். அன்று வைத்த பெயர் 'ஸிஸ்டேம்அனாலூஸ ப்ரோக்ராம்என்ட்விக்லுங்'. அமைப்புப் பகுப்பாய்வு, நிரல் உருவாக்கம் என்று பொருள். சொந்தமாகக் கணினி வாங்க வசதி இல்லை. முதல் வாடிக்கையாளரான ஐ.சி.ஐ.யின் நைலான் ஆலைக் கணினியில் இரவிலும் வார இறுதியிலும் உட்கார்ந்து நிரல் எழுதினார்கள். இன்று ஒப்பிக்கப்படும் விரிவு 1976-இல்தான் வந்தது. 2005-இல் நிறுவனமே அதைக் கைவிட்டது. இப்போது அதிகாரபூர்வமாக மூன்று எழுத்து மட்டும்தான், அதையும் எழுத்தெழுத்தாகவே உச்சரிக்க வேண்டும். 'ஸாப்' என்று சொன்னால் இத்துறைக்குப் புதியவர் என்று தெரிந்துவிடும். ஜெர்மன்காரர்களே கேலியாக ஒரு விரிவு வைத்திருக்கிறார்கள்: 'மணற்கடிகாரம் காட்டும் மென்பொருள்'. திரை நகராமல் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

நிறுவனத்தின் பெயர் எப்படியோ போகட்டும். மென்பொருளைத் திறந்தால் உள்ளே எங்கு பார்த்தாலும் சுருக்கெழுத்துதான், அதுவும் பெரும்பாலும் ஜெர்மன் சுருக்கெழுத்து. இந்த மென்பொருளைப் பழகுவது சிரமம் என்று எல்லோரும் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

எஸ்.ஏ.பி. குய் எனப்படும் பழைய திரையில் நுழைந்ததும் இடது மேல் மூலையில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் டி-கோடு, அதாவது எந்த வேலைக்கு எந்தத் திரை என்று சொல்லும் குறியீடு, தட்ட வேண்டும். சேல்ஸ் ஆர்டர் போட விஏ01, திருத்த விஏ02, பார்க்க மட்டும் விஏ03. கடைசி எண்களின் ஒழுங்கு உடனே பிடிபடும். ஆனால் விற்பனை, விநியோகத்தைக் கவனிக்கும் எஸ்.டி. என்ற பிரிவுக்கு ஏன் 'வி'? ஜெர்மன் மொழியில் விற்பனைப் பிரிவுக்கு 'ஃபெர்ட்ரீப்' என்று பெயர், அதன் முதல் எழுத்து வி. ஆர்டருக்கு 'ஆஉஃப்ட்ராக்', அதனால் ஏ. டெலிவரிக்கு 'லீஃபருங்', அதனால் விஎல். பில்லுக்கு 'ஃபாக்டூரா', அதனால் விஎஃப். இந்த நான்கு சொற்கள் தெரிந்துவிட்டால் எஸ்.டி. பிரிவின் கோடுகளில் பெரும்பகுதியை உருப்போட வேண்டியதில்லை.

விஏ01 திரையில் ஆர்டர் வகை கேட்கும். வழக்கமான ஆர்டருக்கு 'ஓஆர்' என்று கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். வாடிக்கையாளர், பொருள், அளவு எல்லாம் நிரப்பிச் சேமித்தால் ஆர்டர் எண்ணும் வரும். வேடிக்கை அதற்குப் பிறகுதான். எஸ்.ஏ.பி.யின் நிரல் மொழியான அபாப்பில் புதிதாக எழுதப் பழகுபவர், 'ஓஆர்' வகை ஆர்டர்களை மட்டும் எடுத்துக் கொடு என்று டேபிளில் தேடினால் ஒன்றுகூட வராது. ஏனென்றால் டேபிளுக்குள் அது 'டிஏ' என்று பதிவாகியிருக்கிறது. 'டெர்மீன்ஆஉஃப்ட்ராக்' என்பதன் சுருக்கம். ஆங்கிலத்தில் நுழைந்தவருக்குத் திரை 'ஓஆர்' என்று மாற்றிக் காட்டுகிறது. அடியில் இருப்பது ஜெர்மன்தான். பொருள் போய்ச் சேரும் இடத்துக்கும் இதே கதி: திரையில் 'எஸ்ஹெச்', உள்ளே 'டபிள்யூஇ'. ஒரு நாள் முழுக்க நிரலில் தப்பு தேடியவர்கள் இதற்குச் சாட்சி.

டேபிள் பெயர்களோ வண்டி நம்பர் பலகை போல இருக்கும்: விபிஏகே, விபிஏபி, ஈகேகேஓ, ஈகேபிஓ, எல்ஐகேபி. ஆனாலும் ஒரு நூல் பிடிக்கலாம். கே என்றால் 'கோஃப்', அதாவது தலை, ஆவணத்தின் தலைப்பகுதி. பி என்றால் 'பொஸிட்ஸியோன்', ஆவணத்தில் வரும் ஒவ்வொரு பொருளின் வரி. விபிஏகேயில் ஆர்டரின் தேதியும் வாடிக்கையாளரும். விபிஏபியில் எந்தப் பொருள், எத்தனை என்பது. பர்சேஸ் ஆர்டரில் ஈகேகேஓவுக்கும் ஈகேபிஓவுக்கும் அதே உறவுதான். ஏதேனும் ஃபீல்டின் பெயர் தெரியவில்லை என்றால், அதன்மேல் கர்சரை வைத்து எஃப்1 அழுத்தி, டெக்னிக்கல் இன்ஃபர்மேஷன் பொத்தானைத் தட்டினால் திரைக்குப் பின்னாலிருக்கும் பெயர் வந்துவிடும். இவ்வளவு பழைய மென்பொருளில் இப்படி ஒரு வசதி இருப்பது பாராட்ட வேண்டிய விஷயம்.

பாராட்டு அதோடு நிற்கிறது. கட்டாயம் நிரப்ப வேண்டிய ஃபீல்டுகளை நிரப்பு என்று அடிவரியில் அறிவிப்பு வரும். எது விடுபட்டது என்பதைப் பயனர்தான் கண்டுபிடிக்க வேண்டிய சமயங்கள் உண்டு. /nex என்று தட்டினால் 'சேமிக்கவா' என்று கேட்காமலே வெளியேற்றிவிடும். பழகாத கைக்கு இது ஆபத்து.

2013-இல் வந்த ஃபியோரி திரைகள் பார்க்க அழகு. அந்தப் பெயர் சுருக்கமும் இல்லை. இத்தாலிய மொழியில் பூக்கள் என்று அர்த்தம். செல்போனில்கூட லீவு ஒப்புதல் கொடுக்கலாம். ஆனால் நாளுக்கு நூறு ஆர்டர் போடும் மேசைக்கு விஏ01-இன் வேகம் அதில் இல்லை. மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே வேலையை முடிக்கும் பழைய கிளார்க்குகளோடு போட்டி போட அதனால் முடியவில்லை.

2010-இல் வந்த ஹானா தரவுத்தளத்திலும் பெயருக்கு விரிவு ஊகிக்கும் விளையாட்டு தொடர்ந்தது. 'ஹை பெர்ஃபார்மன்ஸ் அனலிட்டிக் அப்ளையன்ஸ்' என்று ஒரு விரிவு. 'ஹாஸோவின் புதிய கட்டமைப்பு' என்று பிளாட்னர் பெயரை வைத்து இன்னொன்று. 2015-இல் வந்த எஸ்/4 ஹானாவில் புதிய டேபிள்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: ஏசிடிஓசிஏ, மேட்டாக். கணக்கு ஆவணம், பொருள் ஆவணம் என்று ஆங்கிலத்திலேயே புரிகிறது. பொருள் எண்ணின் நீளமும் 18 எழுத்திலிருந்து 40 ஆகியிருக்கிறது. ஆனாலும் விபிஏகே, விபிஏபி அப்படியே இருக்கின்றன. சேல்ஸ் ஆர்டருக்கு இன்றும் விஏ01தான்.

புதிதாகக் கற்கப் போகிறவர்கள் எஸ்/4-க்கு முந்தைய பதிப்பான இ.சி.சி.யில் பணம் போடாமல் எஸ்/4-இல் தொடங்குவது நல்லது, ஏனென்றால் இ.சி.சி.க்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. பயிற்சி நிலையத்தில் சேருமுன், எஸ்/4 சர்வரில் நேரடியாகப் பழக விடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.