சிக்கல் வேலையான கதை

மென்பொருள் மாறும்போது எழுதப்படும் விமர்சனங்கள் பெரும்பாலும் பொத்தான்களைப் பற்றியவை. எது எங்கே நகர்ந்தது, எத்தனை கிளிக் கூடியது, வேகம் குறைந்ததா என்று போகும். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. ஒரு மாசம் எரிச்சலா இருக்கும், அப்புறம் கை பழகிடும். ஆனால் சொல் மாறினால் பழகுவது கை இல்லை, மனசு. ஒரு கவிதையில் ஒரே ஒரு சொல் இடம் மாறியதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிற நாம், தினமும் எட்டு மணி நேரம் வாசிக்கும் திரையில் சொற்கள் மாறும்போது வாயே திறப்பதில்லை.

நான் சொல்ல வருவது ஜிராவைப் பற்றி. ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: ஒரு குழு செய்யவேண்டிய வேலைகளை அட்டைகளாக்கி, பத்திகளில் அடுக்கி, யார் எதைச் செய்கிறார்கள் என்று காட்டும் மென்பொருள். ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2002-இல் வெளியிட்டது. அதற்கு முன் நிரல் பிழைகளைப் பதிந்துவைக்க பக்ஸில்லா என்ற மென்பொருள் இருந்தது. அந்தப் பெயர் காட்ஸில்லாவை நினைவூட்ட, அதன் ஜப்பானியப் பெயரான கோஜிராவிலிருந்து தலையை வெட்டி ஜிரா ஆக்கினார்கள். பிறவியிலேயே அது பிழைகளின் பதிவேடு. அதனால்தான் அதிலிருந்த ஒவ்வோர் அட்டைக்கும் பெயர் இஷ்யூ. தமிழில் சிக்கல் என்று வைத்துக்கொள்வோம்.

2025-இல் வந்த மறுவடிவமைப்பில் மேலே கிடந்த பட்டியல் இடதுபக்கம் இறங்கியது. அதை விடுங்கள். இஷ்யூ என்ற சொல் போய் வொர்க் ஐட்டம் வந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் ப்ராஜெக்ட் என்ற சொல்லும் போய் ஸ்பேஸ் வந்தது. சிக்கல், வேலையானது. திட்டம், வெளியானது.

இதில் நியாயமே இல்லையா என்றால், இருக்கு. ஜிராவை இன்று நிரலாளர்கள் மட்டும் பயன்படுத்துவதில்லை. மனிதவளத் துறையும் விளம்பரத் துறையும் பயன்படுத்துகின்றன. மற்ற துறைகளுக்கென்று தனியாக இருந்த பதிப்பை 2024-இல் ஒன்றாக இணைத்தும் விட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு லேப்டாப் வாங்கித் தருவதை ஒரு சிக்கல் என்று பதிவது கேலிக்கூத்துதான். ஆக, எல்லோருக்கும் பொருந்தும் ஒரு சொல்லைத் தேடினார்கள். என் கேள்வி, எல்லோருக்கும் பொருந்தும் சொல் எதை இழந்து அப்படிப் பொருந்துகிறது என்பதுதான்.

சிக்கல் என்ற சொல்லுக்குள் ஒரு ஆள் இருக்கிறார். யாருக்கோ சிக்கல். எங்கோ ஒருவர் பணம் கட்டப் போய் திரை உறைந்து நின்றிருக்கிறார், அவர் சொல்லித்தான் அந்த அட்டை பிறந்தது. வேலை என்ற சொல்லுக்குள் அந்த ஆள் இல்லை. செய்பவரும் செய்யச் சொல்பவரும் மட்டும்தான். சிக்கலைத் தீர்க்கிறோம், வேலையை முடிக்கிறோம். தீர்ந்ததா என்று பாதிக்கப்பட்டவர்தான் சொல்லமுடியும். முடிந்ததா என்பதை அட்டையை நகர்த்துபவரே சொல்லிவிடலாம். ஒரு பெயர்ச்சொல் மாறியதில் ஒரு வினைச்சொல்லும் ஒரு சாட்சியும் காணாமல் போயிருக்கிறார்கள்.

நம்ம ஊரில் பிறந்த சோஹோவை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, இன்று தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலும் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம். அதன் சோஹோ ப்ராஜெக்ட்ஸில் டாஸ்க் வேறு, இஷ்யூ வேறு. செய்யவேண்டியதும் கோளாறானதும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. வேலைகளுக்கு மேலே மைல்ஸ்டோன் இருந்தது. மைல்கல் என்றால் ஒரு பாதை இருக்கிறது, அது எங்கோ போய்ச் சேர்கிறது என்று அர்த்தம். கவர்ச்சி குறைவான பழைய சொற்கள்தான். ஆனால் உள்ளே ஆள் இருக்கும் சொற்கள்.

ஸ்பேஸ் விஷயத்துக்கு வருகிறேன். நான் வேப்பந்தட்டையிலிருந்து சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். 2020 ஊரடங்கில் லேப்டாப் பையோடு ஊருக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர்களில் நானும் ஒருத்தன். மானாவாரி பூமி, பருத்தியும் மக்காச்சோளமும்தான் பெரும்பாடு. பருத்தி ஆராய்ச்சி நிலையமே இந்த ஊரில் இருக்கிறது. பருத்தி ஒரே நாளில் வெடிக்காது, பல தடவை எடுக்கணும். கடைசி எடுப்பு முடிந்து பருத்திமாரைப் பிடுங்கிப் போட்டால் அந்த வெள்ளாமை முடிந்தது. லாபமோ நட்டமோ, கணக்குப் பார்த்து ஆள்கூலி தீர்த்து உட்காரலாம். “மாரு புடுங்கியாச்சா?” என்று இங்கே கேட்டால், ஒரு திட்டம் முடிந்ததா என்று கேட்பதாக அர்த்தம்.

திட்டம் என்ற சொல்லுக்கு முடிவு உண்டு. வெளிக்கு முடிவு கிடையாது. இலக்கியம் வாசிக்கிற நமக்கு வெளி என்றாலே ஒரு கிறக்கம். சுதந்திரம், விரிவு என்று மனசு போகும். ஒரு நிறுவனம் அந்தச் சொல்லை வேலைக்கு வைக்கும்போது கொஞ்சம் உஷாராகவே இருக்கணும். முடியக்கூடிய திட்டத்திலிருந்து முடியாத வெளிக்கு நகர்ந்தவருக்கு, மாரு பிடுங்கும் நாள் என்று ஒன்று வராது. அட்டைகள் வந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

இந்த அட்டைப் பலகையின் பூர்வீகத்திலேயே இதற்கு மருந்து இருந்தது. கன்பான் என்றால் ஜப்பானிய மொழியில் அறிவிப்புப் பலகை. டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ உருவாக்கிய முறை அது. அங்கே அட்டை முன்னாலிருந்து தள்ளப்படுவதில்லை. அடுத்த நிலையில் இருப்பவருக்குத் தேவைப்படும்போது பின்னாலிருந்து கேட்டு வாங்கும் சீட்டு அது. ஒரே நேரத்தில் இத்தனைக்கு மேல் வேண்டாம் என்ற வரம்புதான் அதன் உயிர். திரைக்கு வந்தபோது பலகை வந்தது, அட்டை வந்தது, வரம்பு மட்டும் விருப்பத் தேர்வானது. ஜிராவில் ஒரு பத்திக்கு எண் வைக்கலாம். தாண்டினால் பத்தியின் நிறம் மாறும், அட்டை நுழைவதைத் தடுக்காது. காய்ச்சல் அடிப்பதைக் காட்டிவிட்டு இன்னும் நாலு மூட்டையை முதுகில் ஏற்றும் வெப்பமானி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புது வசதிகளில் எல்லோரும் கொண்டாடுவது செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம். அட்டைக்குக் கீழே நடந்த நாற்பது உரையாடல்களை நாலு வரியில் தரும். நேரம் மிச்சம்தான். ஆனால் அந்தப் பலகையில் மனிதக் குரல் கேட்கும் ஒரே இடம் அதுதான். “மூணாவது தடவையா சொல்றேங்க, இதை இப்படிப் பண்ணா உடையும்” என்று ஒருவர் எழுதியிருந்தால், சுருக்கம் அதை “மாற்று அணுகுமுறை பரிந்துரைக்கப்பட்டது” என்று ஆக்கக்கூடும். தகவல் தப்பவில்லை, ஆத்திரம் தப்பிவிட்டது. மூன்று தடவை சொன்னார் என்பதும் தகவல்தான் என்று யார் அதற்குச் சொல்வது? இலக்கிய வாசகர்கள் இந்த இடத்திலாவது குரல் கொடுக்கணும். தொனி என்பது அலங்காரம் இல்லை என்று நமக்குத் தெரியும்.

இது ஐடிக்காரர்களின் புலம்பல் மட்டும் இல்லை. நூறு நாள் வேலையிலும் இதே மறுவடிவமைப்பு நடந்தது. காகித மஸ்டர் ரோலில் வருகை பதிந்த இடத்தில், 2021 மே மாதம் ஒரு கைபேசிச் செயலி அறிமுகமானது. தனிநபர் பயனாளி வேலைகள் தவிர மற்ற எல்லாப் பணித்தளங்களிலும் 2023 ஜனவரி 1 முதல் அது கட்டாயமானது. ஒரு நாளில் இரண்டு தடவை, இடக்குறியோடு படம் எடுக்கணும் என்றானது. போலி வருகையைத் தடுப்பது நோக்கம், தேவையான நோக்கம்தான். ஆனால் படத்துக்கு நிற்கும் முகம் தெரியும், வெட்டிய மண்ணின் ஆழம் தெரியாது. சிக்னல் கிடைக்காத இடத்தில் பணித்தளப் பொறுப்பாளர் படும் பாடு அந்தப் படத்துக்குள் வராது. அங்கே வேலை வருகையானது. ஜிராவில் சிக்கல் வேலையானது. இரண்டிலும் பார்க்கப்படுபவர் ஒருவர், பார்ப்பவர் வேறொருவர். சொல்லைத் தேர்ந்தெடுப்பவர் எப்போதும் பார்ப்பவரே.

அதனால் ஒரு வேண்டுகோள்தான். அடுத்த தடவை “புதிது என்ன” என்று ஒரு பெட்டி திரையில் எழும்போது, மூடிவிட்டுப் போகாதீர்கள். ஒரு சிறுகதையை வாசிப்பது போல வாசியுங்கள். எந்தச் சொல் போயிருக்கிறது, அதோடு சேர்ந்து யார் போயிருக்கிறார்கள் என்று பாருங்கள். மென்பொருளின் அகராதியை நம்மால் திருத்த முடியாது. நம் பேச்சில் எந்தச் சொல்லை வைத்துக்கொள்வது என்பது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. எங்கள் குழுவில் காலைக் கூட்டத்தில் நான் இப்போதும் சிக்கல் என்றுதான் சொல்கிறேன். யாருக்கு என்ற கேள்வி உடனே வருகிறது. அந்தக் கேள்வி வரும்வரை சொல் உயிரோடு இருக்கிறது.