பெத்லகேமின் பிள்ளைகளும் தேவகியின் அறுவரும்: குழந்தைமை நோக்கில் ஓர் ஒப்பாய்வு

விவிலியத் திறனாய்வில் அண்மைக் காலத்தே வளர்ந்துள்ள ஒரு துறை குழந்தைமை ஆய்வாகும். மார்சியா பங்கி பதிப்பித்த கட்டுரைத் தொகுதியும் (2008), எலிசா கதைகளில் வரும் சிறார் குறித்த ஜூலி ஃபெயித் பார்க்கரின் நூலும் (2013) இத்துறையின் அடிப்படை வினாவை வகுத்தளித்தன. பனுவலில் தோன்றும் குழந்தை குழந்தையாகவே தோன்றுகின்றதா, பெரியோர்க்குக் கூறவந்த கருத்தின் கருவியாகத் தோன்றுகின்றதா என்பதே அவ்வினா. அரசர் இரண்டாம் நூலில், போரில் சிறைப்பட்ட இஸ்ரயேல் சிறுமி ஒருத்தி நாமானின் மனைவிக்குப் பணிபுரிகின்றாள். நாமானின் தொழுநோய் நீங்க வழி கூறுபவள் அவளே. ஆயினும் அவளுக்குப் பெயரில்லை. உரையாளர்கள் அவளது நம்பிக்கையைப் போற்றினர். அவள் பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்டதை எண்ணிப் பார்த்தோர் சிலரே.

குழந்தைப் பருவம் பற்றிய தனிக் கருத்து இடைக்கால ஐரோப்பாவில் இல்லை என்று பிரெஞ்சு வரலாற்றறிஞர் பிலிப் ஆரியேஸ் 1960இல் கூறியதை ஒட்டியும் வெட்டியுமே மேலைநாட்டில் இவ்வகை ஆய்வுகள் எழுந்தன. தமிழ்ச் சான்றுகள் அக்கூற்றுக்கு எளிதில் இடந்தருவன அல்ல. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதனைத் தொகுத்து, அவற்றுள் குழவி, மகவு என்னும் இரண்டையே மக்கட்கு உரியனவாக வரையறுக்கின்றது. புறத்திணையியலோ குழவியையும் பாடுபொருளாக ஏற்கின்றது. எனினும் இலக்கியம் குழந்தையைப் பாடியமை கொண்டே சமூகம் குழந்தையைப் பேணியதெனத் துணிதல் பொருந்தாது. பிள்ளைத்தமிழ் ஆய்வுகள் பல இவ்விடத்தில் வழுவியுள்ளன. பருவங்களை எண்ணி முடித்ததும் ஆய்வு முடிந்ததாகக் கொண்டன.

தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதி இவ்வினாவை எழுப்பத் தக்க களமாகும். திருமலைக் கருவறை வாயிற்படி இன்றும் குலசேகரன் படி எனப்படுகின்றது. வேங்கடத்தில் படியாய்க் கிடக்க விழைந்த குலசேகராழ்வார்தாம் பெருமாள் திருமொழியின் ஏழாம் பதிகத்தில் தேவகியின் புலம்பலைப் பாடினார். தாலாட்டும் பேறு வாய்க்காத தாய், மகனின் பிள்ளைமைச் செயல்களை ஒவ்வொன்றாக எண்ணி, தான் கண்டிராதவை என்றே அவற்றைக் கூறுகின்றாள். அதே மலையில் செப்பேடுகளாகப் பேணப்பட்ட அன்னமாச்சாரியாரின் சங்கீர்த்தனங்களுள் நிலவை அழைக்கும் பாடல் தெலுங்குத் தாய்மாரின் வாய்மொழியாகவே ஆயிற்று. அம்புலிப் பருவத்தோடு அது கொண்ட உறவு வெளிப்படை. இரண்டிலும் பேசுபவள் தாய், குழந்தை பேசுவதில்லை.

நற்செய்தி நூல்களிலும் இயேசுவின் பிள்ளைமை மிகச் சுருக்கம். பன்னிரண்டாம் வயதில் கோவிலில் தங்கிய நிகழ்ச்சியை லூக்கா ஒருவரே கூறுகின்றார். அருள் செல்லத்துரையின் 'இயேசுபிரான் பிள்ளைத்தமிழ்' (1985) அந்த இடைவெளியில் தமிழ்ப் பருவங்களை நிறுத்துகின்றது. பவுலா ரிச்மன் (1997) இதனைப் பிற பிள்ளைத்தமிழ்களோடு வைத்து ஆராய்ந்தமை குறிப்பிடத்தக்கது.

பாடப்பெற்ற குழந்தைக்கு அருகில் பாடப்பெறாத குழந்தைகள் உளர். ஏரோதின் ஆணையால் பெத்லகேமில் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்மக்கள் கொல்லப்படுகின்றனர்; சூசை கனவில் எச்சரிக்கப்பட்டமையால் இயேசு மட்டும் எகிப்துக்குத் தப்புகின்றார். கண்ணனுக்கு முன் பிறந்த அறுவர் கம்சனால் மாய்கின்றனர். மத்தேயு அச்சிறாரைப் பற்றி ஒரே வசனத்தில் கூறி, எரேமியாவின் இராகேல் அழுகையை நினைவூட்டி அப்பாற் செல்கின்றார். பெரியாழ்வார் திருமாலிருஞ்சோலைப் பதிகமொன்றில் அவ்வறுவரையும் அவர்களை இழந்தவளையும் ஒரே தொடருள் அடக்குகின்றார். ஈரிடத்தும் மாண்ட குழந்தைகள் தாயின் இழப்பாகவே நினைக்கப்படுகின்றனர். அவர்தம் பெயரோ ஆடலோ இல்லை. மத்தேயுவின் பகுதியில் பங்கியின் வழிவந்தோர் எழுப்பும் வினாவைப் பெரியாழ்வாரின் அத்தொடரிலும் எழுப்புதல் வேண்டும். வைணவ உரைமரபு கண்ணனின் எளிமையில் தோய்ந்து நிற்றலின், அறுவர்பால் அதன் நோக்கு நீளவில்லை. இது உரையாசிரியர்களின் குறையன்று. அவர்தம் நோக்கம் வேறு. இன்றைய ஆய்வாளர்க்கு அவ்வாறு அமைதி கூறவியலாது.

ஒரு விலக்கு உண்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவத்தில் பேசுவோர் சிறுமியர். தாம் இழைத்த மணல்வீட்டைச் சிதைக்க வருபவனைத் தடுத்து அவர்கள் முறையிடுகின்றனர். ஆண்டாளும் நாச்சியார் திருமொழியில் இம்முறையீட்டைப் பாடியுள்ளாள். புலவர் அச்சிறுமியர்க்குத் தந்த குரல் பெரியவரின் குரலே என்பது உண்மையாயினும், பாட்டுடைத் தலைவனிடம் வேறொரு குழந்தை வழக்குரைக்கும் பருவம் இஃதொன்றே. பிள்ளைத்தமிழைக் குழந்தைமை நோக்கில் ஆராய்வோர் காப்பிலிருந்தன்றி, சிதைந்த இம்மணல்வீட்டிலிருந்து தொடங்குதல் தகும்.