அணை ஆலயமன்று!

ஏற்காட்டு மலையின் விளிம்பிலே, ஆங்கிலேயர் காலத்துப் பெயரையே இன்னமும் தாங்கி நிற்கிறது ‘லேடீஸ் சீட்’ என்னும் பாறைமுனை. வானம் தெளிந்த நாளில் அங்கு நிற்போர்க்கு, மேட்டூர் நீர்த்தேக்கம் தொலைவிலே வெள்ளித் தகடெனத் தெரியும். கண்டோர் வியப்பர், கவி நெஞ்சினர் பாடுவர். அந்த வியப்பைக் குறை கூற நாம் வரவில்லை. வியப்பே எழுத்தாகி, எழுத்தே தீர்ப்பாகிவிடுகிறதே, அதைத்தான் குறை கூறுகிறோம். உயரத்திலிருந்து பார்ப்பவனுக்கு நீர் தெரியும். நீருக்கடியில் கிடக்கும் ஊர் தெரியாது. அணைகளைப் பற்றி நம்மவர் எழுதிக் குவித்தவற்றுள் பெரும்பகுதி, மலை உச்சியிலிருந்து எழுதிய எழுத்தே!

மேட்டூர் அணையின் பணி 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. அன்றைய சென்னை ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்குச் சூட்டப்பட்டது. 120 அடி உயரத்துக்கு நீர் நிற்கும், 93.47 டி.எம்.சி. கொள்ளும். காவிரிப் படுகையின் உழவன் இந்த அணையின் கதவு திறக்கும் நாளை எண்ணியே நாற்றங்காலில் விதை தெளிக்கிறான். இதை மறுப்போர் அறிவுடையோர் ஆகார். ஆயின், ஆளுநரின் பெயர் நிலைத்தது. அகன்று போன குடிகளின் பெயர் எங்கே?

நீர்மட்டம் வெகுவாகத் தாழும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்திச் சிலை வெளிப்படும். கிறித்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரம் தலை நீட்டும். உடனே செய்தித்தாள்கள் படம் போடும். மக்கள் பரிசலேறிக் காணச் செல்வர். நன்று. கல் நந்திக்குச் செய்தி உண்டு. அந்த நந்தியைச் சுற்றி உழுது வாழ்ந்த மனிதனுக்குச் செய்தி உண்டா? கோபுரம் மூழ்கியது வரலாறாம். குடிசை மூழ்கியது வரலாறாகாதாம்! கல்லை நினைத்து மனிதனை மறக்கும் இந்தப் பழக்கம் நமக்குப் புதிதன்று. கருவறையிலிருந்து அது நீர்த்தேக்கத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

1954-இல் நங்கலில் கால்வாயைத் திறந்துவைத்த பண்டித நேரு, இத்தகைய இடங்களே இக்காலத்தின் ஆலயங்கள் என்னும் கருத்துப்படப் பேசினார். அந்தச் சொல்லைப் பாடநூல்கள் பற்றிக்கொண்டன, மேடைகள் முழங்கின. நாம் கேட்கிறோம்: ஆலயம் என்றொரு பெயரைச் சூட்டினால் என்ன நேரும்? ஆலயத்தில் கேள்வி கேட்டல் பிழை. அடங்கி நிற்றல் முறை. உள்ளே நுழையலாகாதோர் என்று சிலர் எப்போதும் உண்டு. பலி கொடுப்பதும் உண்டு. பலியாவது ஆடேயன்றிப் பூசாரி அல்லர்! அணை ஆலயமன்று, தோழர்களே, அது கணக்கு. எவ்வளவு நீர், எவ்வளவு நிலம், யாருக்கு வரவு, யாருக்குச் செலவு என்று வரி வரியாகக் கேட்கத்தக்க கணக்கு. அதே நேரு 1958-இல் பொறியாளர் அவையில், பெரிதாகவே கட்டவேண்டும் என்னும் போக்கை ஒரு நோய் என்று எச்சரித்தார். முன்னதை மனப்பாடம் செய்த நாடு பின்னதை மறந்துவிட்டது.

ஊர் இழந்தவனுக்கு ஆறுதலாக இரண்டு சொற்களை நம் எழுத்து வைத்திருக்கிறது. ஒன்று விதி; மற்றொன்று தியாகம். விதி என்ற சொல், ஆணையிட்டவனை மறைக்கிறது. தியாகம் என்ற சொல், பறிகொடுத்தவனைப் பாராட்டி வாயடைக்கிறது. தானே முன்வந்து தருவது தியாகம். கேளாமலே பிடுங்கிக்கொள்வதற்கு வேறு பெயர் உண்டு. நிலத்துக்குப் பட்டா வைத்திருந்தவனுக்காவது இழப்பீடென்று ஒரு தொகை வரும். பட்டா இல்லாத கூலிக்கு, மேய்ச்சலை நம்பியவனுக்கு, ஆற்றில் வலை வீசியவனுக்கு? அவர்கள் இழந்ததை இழப்பென்றே ஏடுகள் எழுதுவதில்லை.

இந்த மௌனத்தை உடைத்த தமிழ்ப் படைப்பு இல்லாமல் இல்லை. வைகை அணைக்காக வெளியேற்றப்பட்ட ஊர்களின் கதையை, ஒரு முதிய உழவரின் வாழ்வினூடே சொன்ன வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ 2003-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. 1959-இல் திறக்கப்பட்ட அணைக்கு இதிகாசம் பிறக்க 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று! நாவல் நம்மை அழ வைக்கிறது. அது அதன் வெற்றி. ஆனால் அழுகை எழுந்து நின்று கணக்குக் கேட்கவேண்டும்; அது வாசகர்களாகிய நம் கடமை.

கணக்குக் கேட்டோர் நர்மதைக் கரையில் இருந்தனர். சர்தார் சரோவர் அணைக்கு 1985-இல் உலக வங்கி 45 கோடி டாலர் கடன் ஒப்பியது. நீரில் மூழ்கவிருந்த மலைச் சிற்றூர்களின் பழங்குடியினர் எதிர்த்து நின்றனர். அவர்கள் குரல் கடல் கடந்தது. 1990-இல் ஜப்பான் தன் நிதியுதவியை நிறுத்திக்கொண்டது. உலக வங்கியே அமைத்த மோர்சு குழு, மறுவாழ்வு ஏற்பாடுகள் குறையுடையன என்று 1992-இல் அறிக்கை தந்தது. 1993-இல் எஞ்சிய கடன் கைவிடப்பட்டது. 1994-இல், மூழ்கிய சிற்றூரின் பெயரையே தாங்கிய மணிபேலிப் பறைசாற்றலில் 44 நாடுகளின் 326 அமைப்புகள் ஒப்பமிட்டன. 1997-இல் பிரேசிலின் குரிட்டிபா நகரில் அணைகளால் இடம் இழந்த பன்னாட்டு மக்கள் கூடி, மார்ச் 14-ஐத் தங்கள் நாளாக அறிவித்தனர். உலக அணைகள் ஆணையம் 2000-இல் வெளியிட்ட அறிக்கை, பெரிய அணைகளால் இடம்பெயர்ந்தோர் 4 கோடி முதல் 8 கோடி வரை என்று மதிப்பிட்டது.

வெற்றி முழக்கம் இடுகிறோமா? இல்லை. உச்சநீதிமன்றம் 2000-இல் கட்டுமானத்தைத் தொடர ஒப்பியது; 2017-இல் அணை நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. தோழமையால் சுவரைத் தடுக்க முடியவில்லை. ஆயினும், மூழ்குவோரைக் கேளாமல் கடன் கொடுப்பது இழுக்கு என்னும் எண்ணத்தை அது உலகின் மனத்தில் நட்டது.

“அயலானுக்கு இங்கென்ன வேலை?” என்று சிலர் சினக்கின்றனர். அயல்நாட்டுக் கடன் வரலாம். அயல்நாட்டு எந்திரம் வரலாம். அயல்நாட்டு முதல் வரலாம். அயல்நாட்டு மனச்சான்று மட்டும் வரலாகாதோ? சேர்வராயன் மலையே இதற்குச் சான்று. இம்மலையின் பாக்சைட்டை வெட்டி, மேட்டூரில் அலுமினியமாக்கிய மதராசு அலுமினியக் கம்பெனி, தொடக்கத்தில் இத்தாலியரின் கூட்டுறவோடு எழுந்தது. பின்னர் அது இலண்டன் பங்குச்சந்தையில் பெயர் பதித்த வேதாந்தா குழுமத்தின் கைக்கு வந்தது. 2007-இல் நார்வே அரசு, சுற்றுச்சூழல் கேட்டையும் மனித உரிமை மீறலையும் காரணம் காட்டி, அக்குழுமத்தையும் இக்கம்பெனியையும் தன் ஓய்வூதிய நிதியின் முதலீட்டிலிருந்து விலக்கியது. மலை வெட்டிய மண் கடல் கடந்த ஆதாயமாகும்போது, மலைவாழ் மக்களின் முறையீடும் கடல் கடக்கத்தான் வேண்டும்!

தோழமைக்கும் ஒரு குறையுண்டு, அதையும் சொல்லிவிடுவோம். அயலார் சிலர் பழங்குடியை இயற்கையின் குழந்தை என்று படம் பிடித்து மகிழ்கின்றனர். சேர்வராயன் மலையின் மலையாளி மக்களுக்கோ, நர்மதைப் பழங்குடிக்கோ அந்தப் பட்டம் வேண்டா. பள்ளி வேண்டும், மருத்துவமனை வேண்டும், நிலத்தில் உரிமை வேண்டும், முடிவெடுக்கும் அவையில் வாக்கு வேண்டும். 2013-இல் ஒடிசாவின் நியம்கிரி மலையில், உச்சநீதிமன்ற ஆணைப்படி 12 ஊர்களின் கிராம சபைகள் கூடின. பாக்சைட் சுரங்கம் வேண்டா என்று பன்னிரண்டும் மறுத்தன. இரக்கத்தால் அன்று, உரிமையால் கிடைத்த மறுப்பு அது. தோழமை துணை நிற்கலாம், பேசவேண்டியது ஊரே.

இளைஞர்களே! அணையைப் பாடுவதும் பழிப்பதும் எளிது. மலையிலிருந்து இறங்குங்கள். நீர்த்தேக்கத்தின் கரையோரச் சிற்றூர்களில், தாத்தன் நிலம் எங்கே இருந்தது, என்ன விலை கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்று கேட்டு எழுதுங்கள். நந்தி வெளிப்படும் நாளுக்காகக் காத்திராதீர்கள். கேட்டால் சொல்ல மனிதர் இருக்கின்றனர்.