நதி யாரோடு பேசுகிறது?

பி.ஏ. படிக்கும்போது விடுதியில் ஒரு நண்பன் என் கையில் திணித்த புத்தகம், ஹெர்மன் ஹெஸ்ஸெயின் 'சித்தார்த்தா'. திருலோக சீதாராமின் தமிழாக்கம். ஒரே ராத்திரியில் முடித்தேன். நாமும் எல்லாத்தையும் உதறிட்டுக் கிளம்பிடலாமா என்று தோன்றியது. கிளம்பினால் அடுத்த வேளை சோத்துக்கு என்ன வழி என்ற கேள்விதான் தடுத்தது. அந்தக் கேள்வி இந்த நாவலின் நாயகனை ஏன் தடுக்கவில்லை என்று யோசிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

1922இல் ஜெர்மன் மொழியில் வந்த நாவல் இது. ஹெஸ்ஸெயின் தாய்வழித் தாத்தா குண்டர்ட், தலச்சேரியில் இருந்து மலையாள அகராதி செய்த மிஷனரி. ஹெஸ்ஸெ 1911இல் இலங்கை, சுமத்ரா வரை வந்தார். இந்தியாவில் ஊர் சுற்றியதில்லை. அவர் எழுதிய இந்தியாவில் பிராமணன் இருக்கிறான், வணிகன் இருக்கிறான், தாசி இருக்கிறாள். சேரி இல்லை.

நாயகன் பிராமணப் பிள்ளை. அப்பாவிடம் அனுமதி வாங்கித் துறவியாகிறான். பிறகு நகரத்துக்கு வந்து வணிகனிடம் வேலை கேட்கும்போது, பட்டினி கிடப்பதையும் தன் திறமைகளில் ஒன்றாகச் சொல்கிறான். பட்டினி பழகாதவன் கிடைத்த வேலைக்குக் கையேந்த வேண்டியிருக்கும் என்று விளக்கமும் தருகிறான். இதை எங்கம்மாவிடம் சொன்னேன். "பட்டினி கெடக்கிறது ஒரு படிப்பாடா? நமக்கு அத யாரு வந்து கத்துக்குடுத்தா?" என்றது. கிடைத்த வேலையெல்லாம் செய்துதான் அது என்னைப் படிக்க வைத்தது. சித்தார்த்தனுக்குப் பசி விரதம். எங்களுக்கு அது கூலி.

புத்தரை நேரில் பார்த்தும் அவன் சங்கத்தில் சேர மறுக்கிறான். ஞானத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாதாம். கல்வி பரம்பரையாகக் கிடைத்தவன் அப்படிச் சொல்லலாம். தேரகாதையில் குப்பை அள்ளிய சுனீதர் வருகிறார். புத்தர் அவரைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். அவருக்குச் சங்கம்தான் வாசல். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியதும் தனிமனிதத் தேடல் இல்லை.

நாவலின் கடைசிப் பகுதியில் நதிதான் குரு. அதன் குரலில் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலிலும் (1957) ஒரு நதி வருகிறது: ரோகிணி. கிழவன், நோயாளி, பிணம் பார்த்துத்தான் துறவு பூண்டார் என்ற கதையை அம்பேத்கர் ஏற்கவில்லை. ரோகிணித் தண்ணீருக்காகச் சாக்கியரும் கோலியரும் மோதியபோது, போர் வேண்டாம் என்று நின்றதால்தான் சித்தார்த்தர் வெளியேறினார் என்கிறார். 1927இல் மகாடில் சவதார் குளத்துத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தவரல்லவா! தண்ணீரைப் பார்த்தால் முதலில் யாருக்குப் பங்கு என்றுதான் அவருக்குக் கேட்கத் தோன்றும். எங்க ஊரு ஆத்துலயும் மேல்துறை அவங்களுக்கு, கீழ்த்துறை எங்களுக்கு. அவங்க குளிச்ச தண்ணிதான் எங்ககிட்ட வரும். அந்த ஆத்துல எனக்கு ஓங்காரம் கேட்டதில்ல, அதட்டல்தான் கேட்டுச்சு.

ஆனாலும் இந்த நாவலைத் தூக்கி எறிய எனக்கு மனசு வரவில்லை, காரணம் படகோட்டி வாசுதேவன். காசில்லாதவனை அக்கரை சேர்க்கிறான். யார் பேசினாலும் காதுகொடுத்துக் கேட்கிறான். சாத்திரம் படித்தவனுக்குக் கடைசியில் கற்றுக்கொடுப்பது உழைக்கிறவன்தான். இதை ஹெஸ்ஸெ எழுதியிருக்கிறார் என்பதை நாம் மறைக்கக்கூடாது. ஆனால் துடுப்பைச் சித்தார்த்தனிடம் விட்டுவிட்டு வாசுதேவன் காட்டுக்குள் போய்விடுகிறான். அவன் எப்படி வளர்ந்தான், எந்தத் துறையில் தண்ணீர் குடித்தான் என்று நாவல் கேட்கவில்லை.

மாணவத் தோழர்கள் 'சித்தார்த்தா'வைப் படியுங்கள். கையோடு அம்பேத்கரின் ரோகிணி நதிப் பகுதியையும் படியுங்கள். பிறகு அந்தப் படகோட்டியின் பிள்ளைப்பிராயத்தை நம்மில் யாராவது எழுத வேண்டும்.