கெட்ட ஆண்டின் கணக்கு

தமிழ்நாட்டில் மருத்துவக் காப்பீடு விற்க வரும் முகவர் முதலில் சொல்வது பிரீமியத் தொகையைத்தான். 'சூப்பர் டாப்-அப்' பாலிசி என்றால் அந்தத் தொகை காதுக்கு இன்னும் இதமாக இருக்கும்: பத்து லட்சத்துக்குக் காப்பீடு, ஆண்டுக்குச் சில ஆயிரம். எழுந்து போகும் நேரத்தில் "டிடக்டிபிள் மூணு லட்சம் சார்" என்பார். முதல் மூன்று லட்சம் நம் கைக்காசு என்று அர்த்தம்.

அந்த மூன்று லட்சத்தை வீட்டுக் கணக்கில் எங்கே எழுதுவது? ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை. உங்கள் வயதுக்கும் ஊருக்கும் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். பிரீமியம் 8,000. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000. இது பொதுவாகப் பாலிசிக்குள் வராது. நோய் நொடியில்லாத ஆண்டில் மொத்தச் செலவு 26,000. கெட்ட ஆண்டில் 3,26,000. கையுறை, பஞ்சு என்று கழித்துக்கட்டும் சில்லறைகள் தனி. முதல் ரூபாயிலிருந்தே பணம் தரும் பாலிசி 25,000 என்றால், மலிவானதை எடுத்ததில் ஆண்டுக்கு 17,000 மிச்சம். மூன்று லட்சத்தை 17,000-ஆல் வகுத்தால் பதினேழரை ஆண்டுக்குக் கொஞ்சம் கூட வருகிறது. அத்தனை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் இப்படிப் பெரிய பில் வராது என்று நம்புகிறவருக்கு மலிவுத் திட்டம் லாபம்தான். அந்த மூன்று லட்சம் வங்கியில் தனியாகக் கிடக்க வேண்டும், அவ்வளவே. ஐம்பதைத் தாண்டியவர்கள் இந்த வகுத்தலை நிதானமாகச் செய்வது நல்லது.

பெயரில் ஒரு சொல் கூடக் குறைய இருப்பதாலும் கணக்கு மாறும். வெறும் 'டாப்-அப்' பாலிசியில் டிடக்டிபிள் ஒவ்வொரு மருத்துவமனைச் சேர்க்கைக்கும் தனித்தனி. இரண்டு முறை படுத்து இரண்டிரண்டு லட்சம் செலவானால் எதுவும் மூன்று லட்சத்தைத் தாண்டவில்லை. ஒரு ரூபாயும் வராது. 'சூப்பர்' என்றால் ஆண்டு முழுவதையும் கூட்டுவார்கள். நான்கு லட்சத்தில் ஒரு லட்சம் கிடைக்கும். ஆனால் அந்த ஆண்டு பாலிசி ஆண்டு. ஏப்ரலில் புதுப்பிக்கும் பாலிசிக்கு மார்ச்சில் ஓர் அறுவை சிகிச்சை, ஏப்ரலில் இன்னொன்று என்றால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம் என்பதால், அப்பாவின் பழைய நோயை முதல் மூன்று ஆண்டுக்குக் காப்பீடு இல்லாத செலவாகவே எழுதி வையுங்கள். தனிநபர் பிரீமியத்தின் மேல் இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. அது ஓர் ஆறுதல்.

மாதச் சம்பளக்காரர்கள் பலர் கம்பெனி தரும் குழுக் காப்பீட்டை நம்பி, அதற்கு மேல் சூப்பர் டாப்-அப் வாங்குகிறார்கள். புத்திசாலித்தனம்தான். வேலை போகிற மாதத்தில் மூன்று லட்சமும் திரும்பத் தலையில் விழும்.

இதே கணக்கை யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று போட்டால் தாளே வேறு மாதிரி இருக்கும். அங்கே இதற்குக் காப்புறுதி என்று பெயர். ஆனால் நோய் வந்தால் முதலில் ஞாபகம் வருவது காப்புறுதிப் பத்திரம் அல்ல, அரசாங்க ஆஸ்பத்திரி. வாட்டில் படுத்தாலும் சத்திரசிகிச்சை செய்தாலும் பில் கிடையாது. தமிழ்நாட்டிலும் ஜி.ஹெச். இலவசம்தானே என்று கேட்கலாம். ஆனால் இங்கே நடுத்தர வீடு ஜி.ஹெச்.சைத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே வாத்தியார் வீடும் சேர்க்கிறது. மாலையில் தனியார் மருத்துவமனையில் வைத்திய நிபுணரைக் காசு கொடுத்துச் சனல் பண்ணுவது, பிறகு அவர் வேலை செய்யும் அரசாங்க ஆஸ்பத்திரி வாட்டிலேயே அனுமதியாவது அங்கே சாதாரண வழக்கம். அந்தச் சனலிங் காசுதான் அவர்களுடைய டிடக்டிபிள் என்று எனக்குத் தோன்றும்.

செலவு கசிவது சில்லறையாக. ஸ்கானுக்கான வரிசை நீளம் என்று வெளியே எடுப்பது, "மருந்து கையிருப்பில இல்லை, வெளியில வாங்குங்கோ" என்று எழுதித் தரும் துண்டுச்சீட்டு, மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பஸ் காசு. இவற்றுக்கெல்லாம் காப்புறுதி உதவுவது கொஞ்சம்தான். அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு, சம்பளத்தில் கழிப்பார்கள். தனியாரிடம் ஆயுள் காப்புறுதியோடு சேர்த்து விற்கப்படும் திட்டங்கள் பல, வாட்டில் கிடக்கும் நாளுக்கு இவ்வளவு என்று தருபவை. கிளினிக் கொப்பியோடு மாதாமாதம் நடப்பவருக்கு அதில் என்ன கிடைக்கும்?

2022-இன் பொருளாதார நெருக்கடி அந்தக் கணக்கையும் கலைத்துவிட்டது. மார்ச் மாதக் கடைசியில் பேராதனை போதனா வைத்தியசாலை மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 200 ரூபாய் என்றிருந்தது சில வாரங்களில் 350-ஐத் தாண்டியது. இறக்குமதி மருந்தின் விலையும் கூடவே ஏறியது. போன வருடப் பற்றுச்சீட்டை வைத்து இந்த வருடச் செலவை மதிப்பிட்டவர்கள் ஏமாந்தார்கள்.

இரண்டில் எது மேல் என்றால், நோய் வந்த அன்று நிம்மதி இலங்கையில்தான். முதல் நாளே முன்பணம் கேட்க அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆளில்லை. ஆனால் செலவு எந்த இடத்தில் நிற்கும் என்பதைத் தாளில் எழுதிக் காட்ட இந்தியப் பாலிசியால் ஓரளவு முடியும். யாழ்ப்பாணத்தில் அந்த வரி காலியாகவே இருக்கும். சென்னைக்காரர் எழுத மறப்பது மாத்திரைச் செலவை. யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது மனப்பாடம்.

டாப்-அப்போ சூப்பர் டாப்-அப்போ வைத்திருப்பவர்கள் இன்றிரவு பாலிசியை எடுத்து மூன்றை மட்டும் பாருங்கள்: டிடக்டிபிள் ஆண்டுக்கா ஒவ்வொரு தடவைக்குமா, புதுப்பிக்கும் தேதி எது, அந்த டிடக்டிபிள் தொகை இப்போது உங்கள் வங்கிக் கணக்கில் இருக்கிறதா.