கோப்பை வந்தது, வழிதான் இல்லை

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டியோடு ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடமே மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. அதே நேரம் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஈஸ்ட் பெங்கால் மோதிக்கொண்டிருந்தது. சென்னை சிட்டி சறுக்கினால் ஐ-லீக் கால்பந்துக் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பின்வரிசை வீரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. ஆனாலும் 43-க்கு 42 என்று ஒரே ஒரு புள்ளியில் சென்னை சிட்டி முந்தியது. ஐ-லீக் பட்டம் வென்ற முதல் தமிழ்நாட்டு அணி அது.

2021-22 பருவத்தின் ஐ-லீக் பட்டியலில் அந்த அணியே இல்லை.

திறமைக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. சிங்கப்பூர் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் கோல்கீப்பரிடமிருந்தே குட்டிக் குட்டி பாஸ்களாகக் கோத்து முன்னேறும் ஆட்டத்தைப் பழக்கியிருந்தார். சாண்ட்ரோவும் நெஸ்டரும் நடுக்களத்தில் பந்தை வைத்துக்கொண்டால் எதிரணி துரத்திக்கொண்டே இருக்கும். மான்சி மட்டும் 21 கோல். பட்டம் வென்ற சில வாரங்களில் சூப்பர் கோப்பை காலிறுதியில், அந்த ஆண்டின் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) சாம்பியன் பெங்களூருவையே 2-1 என வீழ்த்தினார்கள்.

இவ்வளவு செய்தும் மேலே போக வழியில்லை. கோளாறு அங்கேதான்.

2010-ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, வணிக உரிமையை ஐஎம்ஜி-ரிலையன்ஸிடம் ஒப்படைத்தது. 2014-ல் ஐஎஸ்எல் வந்தது. விளம்பரம், நல்ல நேரத்து ஒளிபரப்பு, நட்சத்திரங்கள் எல்லாம் அந்தப் பக்கம் போயின. அப்போது அதில் நுழையக் காசு கட்ட வேண்டியிருந்தது. களத்தில் ஜெயித்து நுழைய முடியவில்லை. 2017-ல் ஐ-லீக் வென்ற மிசோரமின் ஐஸ்வால் அணிக்கும் இதே கதிதான். அதற்கு முந்தைய ஆண்டே டெம்போ, சல்காவ்கர், ஸ்போர்ட்டிங் என்ற கோவாவின் மூன்று பழம்பெரும் கிளப்புகள் வெறுத்துப்போய் லீக்கை விட்டு விலகிவிட்டன. 2019-20 முதல் ஐஎஸ்எல்தான் முதல்நிலை என்று ஆசிய சம்மேளனமும் முத்திரை குத்தியது.

சாம்பியனாகியும் சில மாதங்களில் இரண்டாம் தர லீக்கில் ஆடும் அணிக்கு எந்த ஸ்பான்சர் பணம் போடுவார்? ஆட்டக்காரர்கள்தான் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? கன்னியாகுமரிக் கடலோரத்து மைக்கேல் சூசைராஜ் 2018-லேயே ஐஎஸ்எல் அணியான ஜாம்ஷெட்பூருக்குப் போனார். தமிழ்நாட்டுப் பையன் எட்வின் வன்ஸ்பால் பட்டத்தை வென்ற கையோடு சென்னையின் எஃப்சிக்கு மாறினார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களை வளர்த்துவிட்ட அணிக்கு லீக் என்ன கைம்மாறு செய்தது? சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியதும் அணியைக் காப்பாற்றவில்லை.

ஐ-லீக் வென்றால் ஐஎஸ்எல் என்ற கதவு 2023-ல்தான் திறந்தது. பஞ்சாப் ஏறியது, மறு ஆண்டு முகமதன் ஏறியது. ஐஸ்வாலுக்கும் சென்னை சிட்டிக்கும் அது காலம் கடந்த நீதி. அந்தப் பெரிய லீக்கும் நிலைத்து நிற்கவில்லை. 15 ஆண்டு ஒப்பந்தம் முடியப்போகிறது என்றதும், 2025 ஜூலையில் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. இனி எழுதப்படும் எந்த ஒப்பந்தத்திலும் ஒளிபரப்புப் பணத்தில் கீழ்நிலை லீக்குக்கு ஒரு பங்கு, ஜெயித்தவனுக்கு ஏற்றம், தோற்றவனுக்கு இறக்கம் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். கோவையில் இன்னொரு அணி பிறக்க வேண்டுமானால் அதன் முதலாளி முதலில் கேட்கப்போவது இதைத்தான்.